எம்கே-677 டப்பா வீட்டுக்கு வந்தால்: வளர்ச்சி ஹார்மோன் மாத்திரை ஆய்வுகளை நாமே படித்துப் பார்ப்பது எப்படி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் தெரு ஆயா ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய ஒரு டப்பாவைக் கொண்டு வந்து கவுன்ட்டரில் வைத்தார். "தம்பி, பேரன் மெத்தைக்கு அடியில இருந்துச்சு. இது என்ன மாத்திரைன்னு கொஞ்சம் பாரு." நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் ஒரு கெமிஸ்டில் (மருந்துக்கடையில்) வேலை பார்க்கிறேன். கறுப்பு டப்பா, வெள்ளை எழுத்து, 60 காப்ஸ்யூல், ஒன்றுக்கு 10 மி.கி., பெயர் எம்கே-677. டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், அடி ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல. பையனுக்கு வயது 19. ஜிம்மில் அவனோடு எடை தூக்குபவர் வாங்கிக் கொடுத்தது.

அன்று மாலை பையனே கடைக்கு வந்தான். கோபமாகத்தான் வந்தான். "அங்கிள், இதுக்கு நிறைய ஆய்வு இருக்கு, நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. ஆய்வு இருக்கிறது, அதுவும் நல்ல பத்திரிகைகளில், முப்பது வருடமாக. சரி, உட்கார், சேர்ந்தே படிப்போம் என்றேன். இரண்டு மாலை, ஒரு நோட்டு, அவன் போன். அப்படிப் படித்ததைத்தான் இங்கே வழிமுறையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே டப்பா இன்னும் பல வீடுகளில் மெத்தைக்கு அடியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதல் வேலை, பெயரைப் பிடிப்பது. இந்த மருந்துக்குப் பெயர் ஒன்று இல்லை, மூன்று. எம்கே-677 என்பது மெர்க் மருந்து நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் வைத்த குறியீட்டு எண், இபுடமோரென் என்பது மருந்துப் பெயர், சமீபத்தில் குழந்தைகளிடம் சோதித்தபோது வைத்த பெயர் எல்யூஎம்-201. மூன்றும் ஒரே பொருள். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி ஆய்வுகள் கண்ணில் படாது, விற்பவருக்குப் பிடித்த பாதி மட்டும் வந்து நிற்கும். அப்புறம், கடைகளில் இதை சார்ம் வகை மாத்திரைகளோடு ஒரே வரிசையில் அடுக்குவார்கள். இது சார்ம் கிடையாது. சார்ம் ஆண் ஹார்மோன் ஏற்பியில், அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் பூட்டில், வேலை செய்வது, இது வேறு கதவைத் தட்டுகிறது.

எந்தக் கதவு என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். வாயில் போட்டால் வயிறு அதைப் பருப்பைப் போலச் செரித்துவிடும், அதனால்தான் அது இன்றுவரை ஊசி மருந்து. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இதை நாள் முழுக்க ஒரே சீராக விடாது, விட்டு விட்டு அலை அலையாக விடும், பெரிய அலை ஆழ்ந்த தூக்கத்தில் வரும். ஹார்மோனை வெளியிலிருந்து ஊசியில் ஏற்றாமல், நம் சுரப்பியையே உசுப்பி விட வைக்க முடியுமா என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் கேள்வி. அமெரிக்காவில் டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் குழு 1980களில் அப்படி ஒரு சிறு பெப்டைடை, அதாவது சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த சின்னச் சங்கிலியைக் கண்டுபிடித்தது, அதன் பெயர் ஜிஎச்ஆர்பி-6. ஆனால் பெப்டைடை வாய் வழியாகக் கொடுத்தால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். அதே வேலையைச் செய்யும், பெப்டைடு அல்லாத, வயிற்றில் அழியாத ஒரு சின்ன மூலக்கூறை மெர்க் ஆட்கள் தேடினார்கள், 1995இல் எம்கே-677 பற்றிய கட்டுரை வந்தது. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1996இல் அடையாளம் கண்டார்கள். அந்த ஏற்பிக்கு நம் உடம்பில் இயற்கையாக இருக்கும் சாவி எது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா இருவரும் எலியின் இரைப்பையிலிருந்து அதை எடுத்து கிரெலின் என்று பெயர் வைத்தார்கள். மருந்து முதலில், ஹார்மோன் பிறகு! இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பையனும் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கிரெலின் என்றால் பசி ஹார்மோன். இதை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். இந்த மாத்திரை போட்டவர்களுக்குப் பசி கூடுவது மருந்து செய்யும் வேலையின் ஒரு பகுதியே. "ஆயா, இப்பல்லாம் சோறு பத்தலை" என்று பேரன் கேட்டதில் ஆயாவுக்கு முதலில் சந்தோஷம்தான்.

இனி தேடுவது. போனில் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தைத் திறங்கள். இலவசம், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். மூன்று பெயரையும் ஒவ்வொன்றாக ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள். நூற்றுக்கணக்கில் வரும், பயப்பட வேண்டாம், வடிகட்டியில் மனிதச் சோதனை என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சுருங்கிவிடும். எலி, நாய் ஆய்வுகள் முதல் நாள் வேண்டாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ஒரு சுருக்கம் இருக்கும், அது இலவசம். அதில் ஐந்து விஷயத்தை மட்டும் தேடி நோட்டில் எழுதுங்கள். யார் மேல் சோதித்தார்கள், எத்தனை பேர், எத்தனை நாள், மருந்தே இல்லாத டம்மி மாத்திரையோடு ஒப்பிட்டார்களா, கடைசியாக எதை அளந்தார்கள். இந்த ஐந்தில் கடைசிக் கேள்விதான் என் கணக்கில் பாதி மதிப்பு. ஏன் என்று ஒரு கட்டுரையை எடுத்து வைத்தே காட்டுகிறேன்.

2008இல் அமெரிக்க உள்மருத்துவ இதழ் ஒன்றில் வந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு. எம்கே-677 பற்றிப் பேசும் எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள், விற்பவர்களும் இதைத்தான் காட்டுவார்கள். 60 முதல் 81 வயது வரை உள்ள ஆரோக்கியமானவர்கள் 65 பேர், தினமும் 25 மி.கி., மொத்தம் இரண்டு வருடம், ஒப்பிட டம்மி மாத்திரை உண்டு. முதல் வருட முடிவில் மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சராசரியாக 1.1 கிலோ கூடியிருந்தது, டம்மி சாப்பிட்டவர்களுக்கு 0.5 கிலோ குறைந்திருந்தது. வளர்ச்சி ஹார்மோனும், அது கல்லீரலைத் தூண்டி உண்டாக்கும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளும் இளம் வயதினரின் அளவுக்கு ஏறின. விற்பவரின் படம் இந்த இடத்தில் முடிந்துவிடும். நீங்கள் அடுத்த வரியைப் படியுங்கள்: வலிமை கூடவில்லை, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் கூடவில்லை. வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை சராசரியாக 0.3 மில்லிமோல் ஏறியது, இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்தது. பசி கூடியது, சிலருக்குக் கால் வீக்கம், தசை வலி.

அந்த வரியில் பையன் ரொம்ப நேரம் நின்றான். "எடை ஏறிச்சு, ஆனா பலம் ஏறலையா? அதெப்படி?" என்றான். கொழுப்பில்லாத எடை என்பது தசை மட்டும் கிடையாது. தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும், குடல், ஈரல் எல்லாம் அதில்தான் வரும். எக்ஸ்ரே போல எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் உடம்பைக் கொழுப்பு, எலும்பு, மற்றவை என்று பிரிக்குமே தவிர, இது தசைநார், இது தேங்கிய நீர் என்று பிரித்துச் சொல்லாது. வளர்ச்சி ஹார்மோன் ஏறினால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். கண்ணாடியில் தோள் நிறைந்து தெரிவதில் எவ்வளவு தசை, எவ்வளவு நீர் என்று அந்த எண் உங்களுக்குச் சொல்லாது. அதனால் ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, அளந்தது ரத்தத்தில் இருக்கும் எண்ணா, ஸ்கேனில் இருக்கும் எண்ணா, இல்லை ஆள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது, படி ஏறுவது, கையால் இறுக்கிப் பிடிப்பது போன்ற காரியமா என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். நாங்கள் மூன்று நிறப் பேனாவில் எழுதினோம்.

அப்படி எழுதிக்கொண்டே போனால் முதல் இரண்டு நிறம் பக்கம் முழுக்க நிறைகிறது, மூன்றாவது நிறம் அநேகமாகக் காலியாக இருக்கிறது. 1998 ஸ்வீடன் ஆய்வு, 24 பருமனான ஆண்கள், இரண்டு மாதம். கொழுப்பில்லா எடை ஏறியது, கொழுப்பு இறங்கவில்லை, சர்க்கரைக் கரைசல் குடித்துச் செய்யும் சோதனையில் உடம்பு சர்க்கரையைக் கையாள்வது மோசமானது. கொழுப்பு கரையும் என்று டப்பாவில் போட்டிருப்பவர்கள் இதைப் படித்திருக்க வேண்டும். 2008இல் வந்த அல்சைமர் ஆய்வு இன்னும் பெரியது, 563 நோயாளிகள், ஒரு வருடம். ஐஜிஎஃப்-1 ஓராண்டில் 70 சதவீதத்துக்கு மேல் ஏறியது, மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்தது, ஆனால் நோய் போகும் போக்கில் எந்த மாற்றமும் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள் 123 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று, 2011இல் வெளிவந்தது, அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், மருந்து சாப்பிட்ட பக்கத்தில் இதயச் செயலிழப்பு அதிகமாகத் தெரிந்ததால்.

பாதியில் நின்ற ஆய்வைத் தேடுவது தனி வேலை, அதை விடாமல் செய்யுங்கள். அமெரிக்க அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, அதில் மருந்துப் பெயரைப் போட்டால் முடிந்தது, நடக்கிறது, நிறுத்தப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் நிலை காட்டும். நிறுத்தப்பட்டது என்று வந்தால் காரணத்தையும் படியுங்கள், எல்லா நிறுத்தமும் ஆபத்தால் வருவதில்லை, சில பணத்தால் நிற்கும், சில பலன் போதாததால் நிற்கும். எம்கே-677 தட்டும் அதே கதவைத் தட்டும் இன்னொரு மருந்து, ஃபைசர் நிறுவனத்தின் காப்ரோமோரெலின், அப்படித்தான். 65 வயது தாண்டிய, உடம்பு லேசாகத் தளர்ந்த 395 பேரிடம் சோதித்தார்கள், எடை கூடியது, கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்கும் சோதனையில் சின்ன முன்னேற்றம்கூட இருந்தது, ஆனால் முன்கூட்டியே வைத்திருந்த இலக்கை எட்டாததால் நிறுத்திவிட்டார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து வகையில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் தப்பு. அதே காப்ரோமோரெலின் இன்று அமெரிக்காவில் நாய்களுக்குப் பசி தூண்டும் மருந்தாக 2016 முதல் அனுமதியோடு விற்கிறது, 2020இல் சிறுநீரக நோயால் மெலியும் பூனைகளுக்கும் வந்தது.

அதாவது, அனுமதி எதற்குக் கிடைத்தது என்று பார்த்தால் மருந்தின் உண்மையான பலம் தெரிந்துவிடும். இதே வகையில் மேசிமோரெலின் என்று ஒன்று, வாயால் குடிப்பது, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது சிகிச்சைக்கு இல்லை, நோயைக் கண்டுபிடிக்க. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகிக்கும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் நான்கு முறை ரத்தம் எடுத்து, சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். அழகான, நேர்மையான பயன்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது, தூண்டினால் சுரக்கிறதா என்ற கேள்விக்குத் தூண்டும் மருந்தையே கருவியாக்கியிருக்கிறார்கள். அனமோரெலின் வேறு கதை. புற்றுநோயில் உடம்பு உருகிப் போகிறவர்களுக்காக இரண்டு பெரிய ஆய்வுகள், முடிவு 2016இல் வந்தது. கொழுப்பில்லா எடை ஏறியது, கைப்பிடி வலிமை ஏறவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் மறுத்தது, ஜப்பான் 2021இல் அனுமதித்தது. ஒரே மருந்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு முடிவு. சாப்பிட முடியாமல் மெலிந்து படுத்திருக்கும் நோயாளிக்குப் பசி எடுப்பதே பெரிய விஷயம் என்பதும் உண்மை. ஜிம் போகும் 19 வயதுப் பையனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எம்கே-677 இன்றுவரை எந்த நோய்க்கும் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றதில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பதிவான மருந்து என்றால் அட்டையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எஸ்2, எஸ்4 என்று அட்டவணை எண் இருக்கும், சாய்கோடுகளோடு ஒரு பதிவு எண்ணும் இருக்கும். 2018 முதல் இதைப் பார்ப்பது சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம். ஆயா கொண்டு வந்த டப்பாவில் இரண்டும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நிச்சயமில்லை. 2017இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது, இணையத்தில் சார்ம் என்று விற்ற 44 பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். 23இல் மட்டுமே உண்மையில் சார்ம் இருந்தது, 17இல் அனுமதி இல்லாத வேறு மருந்து இருந்தது, அதில் இபுடமோரெனும் அடக்கம். 4இல் ஒன்றுமே இல்லை. 26 பொருட்களில் உள்ளே இருந்த அளவு லேபிளில் போட்ட அளவோடு பொருந்தவில்லை. ஆகவே ஆய்வில் 25 மி.கி. என்று படித்துவிட்டு, டப்பாவிலிருந்து இரண்டரை காப்ஸ்யூல் என்று கணக்குப் போடவே முடியாது.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் உள்ளபடியே கவலை. எங்கள் கடையில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வாங்காத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள், ஊரில் மில்லிகிராமில் சொல்வார்கள், ஆய்வுகளில் இரண்டும் வரும். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம். 0.3 என்பது சின்னதாகத் தெரியும், அது சராசரி, ஆரோக்கியமானவர்களின் சராசரி. 1996இல் 64 முதல் 81 வயதுள்ள 32 பேரிடம் செய்த ஆய்வில், 25 மி.கி. எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நான்கே வாரத்தில் 5.4இலிருந்து 6.8க்குப் போனது. 7 என்றால் சர்க்கரை நோய்க் கோடு. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை இருக்கும் வீட்டில் இந்த எண்ணை வேறு மாதிரிப் படிக்க வேண்டும்.

பையனின் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஞாயிறு காலை அவன் சாப்பிடாமல் வந்தான், விரலில் குத்திப் பார்த்தேன், 6.4. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் எதுவும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் கழித்து மறுபடி குத்தினோம், 5.3. இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு ஆள், ஒரு மீட்டர், முந்தைய இரவு அவன் என்ன சாப்பிட்டான் என்றுகூட நான் கேட்கவில்லை. டாக்டரிடம் அனுப்பி மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓடுகிறவர்கள், பள்ளி, கிளப் அணிகளில் ஆடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்று. இபுடமோரென், அனமோரெலின், காப்ரோமோரெலின், மேசிமோரெலின் எல்லாமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் எஸ்2 பிரிவில் (மருந்து அட்டையில் இருக்கும் எஸ்2 வேறு) இருக்கின்றன, போட்டி நாள் மட்டும் இல்லை, வருடம் முழுக்கத் தடை. "எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்" என்று சொன்னாலும் உடம்பில் இருந்ததற்கு யார் பொறுப்பு என்றால் ஆடுகிறவர் பொறுப்புதான். காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் மாமா அத்தைமார்களும் புரதப் பொடி வாங்கும்போது இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், முதலில் சத்தம் போடாதீர்கள், சத்தம் போட்டால் அடுத்த டப்பா உங்கள் கண்ணில் படாது. நிறுத்தச் சொல்லுங்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை பாருங்கள், கணுக்காலில் விரலை அழுத்தி எடுங்கள், பள்ளம் அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனை. டப்பாவைக் குப்பையில் எறிய வேண்டாம், டாக்டர் பார்க்க வேண்டும், பிறகு எந்த கெமிஸ்டிலும் கொடுத்தால் முறைப்படி அழிப்பதற்கு வாங்கிக்கொள்வோம்.

கடைசியாக, குள்ளமாக இருக்கும் பிள்ளைக்கு இந்த மாத்திரை கொடுக்கலாமா என்று என்னிடம் இரண்டு அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள், அதனால் இது. குழந்தைகளிடம் எல்யூஎம்-201 என்ற பெயரில் சோதித்தது உண்மை. ஆனால் ஹார்மோன் குறைவு லேசாக இருந்து, சுரப்பி தூண்டினால் பதில் சொல்லும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் கண்காணிப்பில் செய்தது. அதிலும் தினசரி ஊசி போட்ட பிள்ளைகள்தான் வேகமாக வளர்ந்தார்கள். எலும்பு முனைகள் மூடிவிட்ட பிறகு எந்த மாத்திரையும் உயரம் தராது. பிள்ளை வளரவில்லை என்று சந்தேகம் இருந்தால் க்ளினிக்கில் கொடுத்த ரோட் டு ஹெல்த் புத்தகத்தை முதலில் தேடி எடுங்கள், ஐந்து வயது வரை உயரம், எடை அதில் இருக்கும். அதற்குப் பிறகு சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தால் தேதியோடு அதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அப்பா அம்மா உயரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். குழந்தை டாக்டர் ரத்தம் எடுக்கும் முன்னால் கேட்பது அந்தத் தாளைத்தான்.